பல்லுப் போன கதிர்

சென்ற வைகாசியில் ஒரு நாள் காலை, பக்கத்துத் தோட்டத்து மாமா உரித்த மக்காச்சோளக் கதிர் ஒன்றைக் கையில் பிடித்தபடி எங்கள் வீட்டு ஆசாரத்தில் வந்து உட்கார்ந்தார். உடுமலைப் பக்கத்தில் எங்கள் ஊரைச் சுற்றி மக்காச்சோளம் போடாத தோட்டங்கள் குறைவு. விளைவதில் பெரும்பங்கு கோழித் தீவனத்துக்குப் போகிறது. முன் வெள்ளாமை தள்ளிப்போனதால் அவர் இம்முறை மாசி மாதம் பாதி கழிந்த பிறகுதான் விதை ஊன்றியிருந்தார். கதிர் நீளத்தில் குறையில்லை. ஆனால் நடுப்பகுதிக்கு மேலே மணிகள் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் குழிகளே இருந்தன.

"ஏனுங்க டீச்சரம்மா, பல்லுப் போன கிழவன் வாயாட்டம் இருக்குதுங்களே, யூரியா பத்தலைங்களா, இல்லை விதையே மோசமுங்களா?" என்று கேட்டார். 28 ஆண்டுகள் மேல்நிலை வகுப்புகளுக்குத் தாவரவியல் நடத்தியவள் என்பதால், செடியில் எது கோளாறானாலும் ஊரில் என்னிடம் காட்டுவது வழக்கம். பூச்சி மருந்தைப் பற்றி மட்டும் என்னைக் கேட்காதீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உரம் குறைந்தால் கதிர் சிறுக்கும், மணி மெலியும், நுனி சூம்பும். ஆனால் அடியில் மணி நெருக்கமாகப் பிடித்து, மேலே போகப் போக அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குழி விழுந்திருப்பது உரக் குறையன்று. ஒவ்வொரு குழியும் கருவுறாமல் போன ஒரு சூல், அதாவது மணியாக மாறியிருக்க வேண்டிய ஒரு உறுப்பு என்றேன். "பூ நல்லாத்தானுங்களே பூத்துது?" என்றார் அவர். அந்தக் கேள்விதான் இந்தப் பதிவை எழுத வைத்தது.

நம் பக்கத்தில் 'காய் பிடிப்பு' என்ற ஒரே சொல்லில் இரண்டு நிகழ்ச்சிகளை அடக்கிவிடுகிறோம். பெண் பூவின் நுனியான சூலகமுடியில் மகரந்தத்தூள் வந்து விழுவது மகரந்தச்சேர்க்கை. அது காற்றாலோ தேனீயாலோ நடக்கிறது, கண்ணுக்கும் தெரிகிறது. வந்து விழுந்த தூளிலிருந்து புறப்படும் ஆண் அணு, உள்ளே மறைந்திருக்கும் முட்டைச் செல்லோடு கலப்பது கருவுறுதல். அதை வெறுங்கண்ணால் பார்க்க முடியாது. முன்னது நடந்தும் பின்னது நடக்காமல் போகலாம். வாசலுக்கு வந்துவிட்ட மாப்பிள்ளை வீட்டுக்குள் நுழைவதற்கு ஒரு நீண்ட நடை மீதமிருக்கிறது என்று வகுப்பில் சொல்வேன். பையன்கள் சிரிப்பார்கள், ஆனால் தேர்வில் இரண்டையும் குழப்ப மாட்டார்கள்.

மக்காச்சோளத்தில் அந்த நடையின் தூரம் மிக அதிகம். செடியின் உச்சியில் விரிந்து நிற்பது ஆண் பூங்கொத்து; இடையில் இலைக்கணுவில் உருவாகும் கதிர் பெண் பூங்கொத்து. கதிரின் நுனியில் பட்டு நூல் போலத் தொங்கும் முடிகளை நாம் உரித்து எறிந்துவிடுகிறோம். அவற்றில் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பூவின் சூலகத்தண்டு. அதன் மறுமுனை ஒரே ஒரு சூலோடு மட்டும் இணைந்திருக்கிறது. கதிரில் 600 சூல்கள் இருந்தால் 600 முடிகள் வெளியே வர வேண்டும். ஒவ்வொரு முடியிலும் குறைந்தது ஒரு மகரந்தத்தூளாவது உயிரோடு விழ வேண்டும். கதிரின் அடியிலுள்ள சூல்களின் முடிகள்தாம் முதலில் வெளிவருகின்றன. நுனியிலுள்ளவை கடைசியில் வருகின்றன. மாமாவின் கதிரில் அடிப்பாதி நிறைந்தும் மேற்பாதி குறைந்தும் இருந்ததற்கு இந்த வரிசையே விளக்கம். முதலில் வந்த முடிகளுக்குத் தூள் கிடைத்தது. பின்னால் வந்தவை எட்டிப் பார்க்கும்போது உச்சியில் தூள் தீர்ந்துகொண்டிருந்தது, சித்திரை வெயிலும் உச்சத்தில் இருந்தது.

தண்ணீர் பற்றாத செடியில் ஆண் பூ பெரும்பாலும் தன் நாளில் பூத்துவிடும். முடி நீள்வதற்குத்தான் நீர் அதிகம் வேண்டும் என்பதால் அது மட்டும் பின்தங்கும். இரண்டுக்கும் இடையில் சில நாட்கள் விலகினாலே கதிர் கெட்டுவிடும். மக்காச்சோளத்தின் தூள் உதிர்ந்த பிறகு நெடுநேரம் உயிரோடு இருப்பதில்லை. வறண்ட வெயிலில் அதன் ஆயுளை நிமிடங்களில்தான் கணக்கிட வேண்டும். இந்தியாவில் 2018இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட படைப்புழு முடியைக் கடித்துத் துண்டித்தாலும் இதே குழிகள்தாம் விழும். ஆனால் மாமா காட்டிய கதிரில் கடித்த தடம் எதுவும் இல்லை.

முடியில் விழுந்த தூளுக்கு என்ன ஆகிறது என்பதே இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. முடியின் ஈரத்தை உறிஞ்சி அது பருக்கிறது. சில நிமிடங்களில் அதன் துளை வழியே ஒரு குழாய் எட்டிப் பார்க்கிறது. கல்லூரியில் படித்தபோது நித்தியகல்யாணிப் பூவின் தூளைச் சர்க்கரைக் கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் இதைப் பார்த்திருக்கிறேன்: முதல் பத்து நிமிடம் எதுவும் நடக்கவில்லை என்று கண்ணை எடுத்துவிட்டுத் திரும்பப் பார்த்தால், ஊற வைத்த பச்சைப்பயறு முளை விட்டதுபோல் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு வால். மக்காச்சோளத் தூள் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு அகலமே உள்ளது. அதிலிருந்து கிளம்பும் குழாய், நீண்ட முடியென்றால் 30 சென்டிமீட்டர் வரை உள்ளே இறங்கிச் செல்ல வேண்டும். அதாவது தன் உடலைப் போல் 3,000 மடங்குத் தூரம். அதை ஏறக்குறைய ஒரே நாளில் கடந்துவிடுகிறது. குழாய் நுனியில் மட்டுமே வளர்கிறது. உயிர்ப்பொருள் முழுவதும் நுனியை நோக்கி நகர்ந்துவிட, காலியான பின்பகுதியைக் காலோஸ் என்னும் பொருளால் அடைத்துக்கொண்டே போகிறது. கடந்த அறைகளின் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு போவது போன்ற நடை அது.

குழாய்க்குள் பயணம் செய்பவை இரண்டு ஆண் அணுக்கள். பல பாசிகளிலும் பெரணிகளிலும் ஆண் அணுவுக்கு நீந்திச் செல்லும் கசையிழை உண்டு. பூக்கும் தாவரங்களில் அது இல்லை. தாமாக நகர முடியாத இந்த இருவரையும் குழாய்தான் சுமந்து செல்கிறது. பல செடிகளில் தூளுக்குள் இருக்கும் ஒரு செல், குழாய் வளரும் வழியில்தான் இரண்டாகப் பிரிகிறது. நெல், மக்காச்சோளம் போன்ற புல்லினங்களில் தூள் உதிரும் முன்பே இரண்டும் தயாராக இருக்கின்றன.

சூலுக்குள் குழாயை எதிர்நோக்கி இருப்பது கருப்பை. தாவரவியல் பாடநூலில் இதற்கும் கருப்பை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒவ்வொரு ஆண்டும் முதல் நாள் வகுப்பில் ஒரு சலசலப்பு எழாமல் இருந்ததில்லை. வழக்கமான அமைப்பில் இதற்குள் ஏழு செல்களும் எட்டு உட்கருக்களும் உள்ளன. சூலின் வாசலான சூல்துளையின் பக்கம் நடுவில் முட்டைச் செல், அதன் இரு பக்கமும் சினர்ஜிட்கள் என்னும் இரண்டு துணைச் செல்கள். எதிர்ப்புறம் மூன்று எதிரடிச் செல்கள். இடையில் உள்ள பெரிய மையச் செல்லில் இரண்டு துருவ உட்கருக்கள். மூன்று என்று புத்தகம் சொல்லும் எதிரடிச் செல்கள் மக்காச்சோளத்தில் பெருகி இருபதையும் தாண்டிவிடும். ஆனால் தேர்வில் மூன்று என்றுதான் எழுத வேண்டும்.

இருட்டில் அத்தனை தூரம் வந்த குழாய்க்குச் சரியான வாசல் எது என்று எப்படித் தெரிகிறது என்ற கேள்விக்கு நான் பணியில் சேர்ந்த காலத்தில் தெளிவான விடை இருக்கவில்லை. டொரீனியா என்னும் தோட்டப் பூச்செடியில் கருப்பை சூலைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த வசதியைப் பயன்படுத்தி ஜப்பானியரான ஹிகாஷியாமாவின் குழுவினர், செல்களை ஒவ்வொன்றாக லேசர் கதிரால் அழித்துப் பார்த்தார்கள். முட்டைச் செல்லை அழித்தாலும் குழாய் வந்தது. இரண்டு துணைச் செல்களையும் அழித்தால் வரவில்லை. 2001இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு, அச்செல்கள் சுரக்கும் சிறு புரதங்களே குழாயை இழுக்கின்றன என்பதை 2009இல் அவர்களே கண்டறிந்தார்கள். அதுவரை 'துணைச் செல்கள்' என்று ஒரே வரியில் கடந்துபோய்க்கொண்டிருந்த நான், அதன் பின் அவற்றுக்கு ஒரு வகுப்பு முழுவதையும் ஒதுக்கினேன். வந்து சேரும் குழாய், துணைச் செல்களில் ஒன்றுக்குள் புகுந்து வெடித்துத் தன் சுமையை இறக்குகிறது. அழைத்த செல் அத்துடன் மடிகிறது.

இறங்கிய இரண்டு ஆண் அணுக்களில் ஒன்று முட்டைச் செல்லோடு கலக்கிறது. அது கருவாக வளர்ந்து செடியாகும். மற்றொன்று மையச் செல்லுக்குப் போய் அங்குள்ள இரண்டு துருவ உட்கருக்களோடு சேர்கிறது. இந்த மூவிணைவிலிருந்து உண்டாவதே கருவூண் திசு, அதாவது கருவுக்கான உணவு. ஒரே சூலில், ஒரே குழாய் கொண்டுவந்த இருவரால், இரண்டு கருவுறுதல்கள். இதை லில்லி வகைப் பூக்களில் கண்டு 1898இல் அறிவித்தவர் கீவ் நகரில் பணியாற்றிய நவாஷின். அடுத்த ஆண்டே பிரான்சில் கினார் இதை உறுதி செய்தார்.

அதற்கு முன் இந்தத் துறையில் நடந்த குழப்பம் சுவையானது. பருப்புக்கீரைக் குடும்பத்துப் பூவில் மகரந்தக் குழாயை 1824இல் தற்செயலாகக் கண்டவர் இத்தாலியரான அமிச்சி. செல் கொள்கைக்காக நாம் படிக்கும் ஷ்லைடன், அந்தக் குழாயின் நுனியே கருவாக மாறுகிறது என்றும் சூல் அதை வளர்க்கும் இடம் மட்டுமே என்றும் பல ஆண்டுகள் வாதாடினார். ஆண் விதை, பெண் நிலம் என்று நம் ஊர்த் திண்ணையில் சொல்லும் பேச்சுக்கும் அந்த வாதத்துக்கும் அதிக வேறுபாடு இல்லை. குழாய் வந்து சேரும் முன்பே சூலுக்குள் இருக்கும் ஒரு செல்லிலிருந்துதான் கரு உண்டாகிறது என்று 1846இல் காட்டியவரும் அமிச்சியே. அதன் பின் அந்த வாதம் மெல்ல ஓய்ந்தது. ஆண் அணுவின் உட்கருவும் முட்டைச் செல்லின் உட்கருவும் கலப்பதை ஸ்ட்ராஸ்பர்கர் 1884இல் கண்டார்.

இரண்டாவது கருவுறுதலுக்குக் கண்முன் சான்று வேண்டுமென்றால் மக்காச்சோளமே போதும். வெள்ளை மணி வகைக்குப் பக்கத்தில் மஞ்சள் வகை பூத்தால், வெள்ளைக் கதிரில் அதே ஆண்டே மஞ்சள் மணிகள் ஆங்காங்கே தோன்றும். அடுத்த தலைமுறையில் வர வேண்டிய தந்தையின் நிறம் தாயின் கதிரிலேயே எப்படி வந்தது என்று முன்பு அறிஞர்கள் திகைத்தார்கள். மணியின் மஞ்சள் நிறம் கருவூண் திசுவில் இருக்கிறது. அந்தத் திசுவுக்கும் தந்தையின் பங்கு உண்டு என்பது தெரிந்ததும் புதிர் அவிழ்ந்தது. ஆனால் பங்கு சமமில்லை. தாயிடமிருந்து இரண்டு, தந்தையிடமிருந்து ஒன்று. மக்காச்சோளச் செடியின் செல்லில் 20 குரோமோசோம்கள் என்றால் கருவூணின் செல்லில் 30.

கொங்கு நாட்டில் பிள்ளைத்தாய்ச்சிக்குக் கட்டுச்சோறு கட்டுவது வழக்கம். கருவூணை விளக்க இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைத்ததில்லை. முதல் இணைவில் உண்டானது பிள்ளை, இரண்டாம் இணைவில் உண்டானது கட்டுச்சோறு. இதில் ஒரு சிக்கனமும் உண்டு. ஊட்டியில் பார்க்கும் பைன் மரம் போன்றவற்றில், கருவுக்கான உணவுத் திசு கருவுறும் முன்பே உருவாகத் தொடங்கிவிடுகிறது. கரு உண்டாகாவிட்டால் அந்தச் செலவு வீண். பூக்கும் தாவரம் ஆண் அணு வந்து சேர்ந்த பிறகே உணவு சேர்க்கத் தொடங்குகிறது. வராத விருந்தாளிக்கு அது உலை வைப்பதில்லை. மாமாவின் கதிரிலிருந்த குழிகள் சொட்டை மணிகளாக இல்லாமல் வெறும் குழிகளாகவே நின்றதற்கு இதுவே காரணம்.

பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்களுக்கு இதையெல்லாம் நான் தென்னையில்தான் காட்டுவேன். பாளை வெடித்ததும் மட்டைக்குச்சிகளில் நெருக்கமாக இருப்பவை ஆண் பூக்கள். அடியில் உருண்டையாக இருப்பவை பெண் பூக்கள், அவற்றையே குரும்பை என்கிறோம். நெட்டை மரத்தில் ஆண் பூக்கள் உதிர்ந்து முடிந்த பிறகே அதே பாளையின் பெண் பூக்கள் தூளை ஏற்கத் தயாராகின்றன. ஆகவே பெரும்பாலும் வேறொரு மரத்தின் தூள்தான் வேண்டியிருக்கும். குட்டை மரத்தில் இரு பருவங்களும் ஒன்றின்மேல் ஒன்று விழுவதால் தன் தூளே போதும். கருவுற்ற குரும்பை நெற்றாவதற்கு ஏறக்குறைய 12 மாதங்கள் ஆகின்றன. இக்காலத்தில் உள்ளே நடப்பது விந்தையானது: மூவிணைவில் உண்டான உட்கரு பிரிந்து பிரிந்து பெருகுகிறது, ஆனால் இடையில் சுவர் எழுவதில்லை. சுவரில்லாத அந்தத் திரவக் கருவூணே இளநீர். பிறகு ஓட்டின் உட்புறத்தில் செல்கள் படியத் தொடங்குகின்றன. அது வழுக்கை, முற்றினால் பருப்பு. தென்னையின் குரோமோசோம்கள் 32. ஆகவே காலையில் சட்னிக்கு அரைக்கும் பருப்பின் செல்லுக்கு அடிப்படைக் கணக்கு 48.

கரு எங்கே என்று கேட்டால், மூன்று கண்களில் மென்மையாக உள்ள ஒரு கண்ணின் அடியில், விரல் நுனி அளவுகூட இல்லாத வெள்ளைத் துண்டாகக் கிடக்கும். தேங்காய் உடைக்கும்போது கவனித்தால் பருப்பிலிருந்து கழன்று வரும். முளைத்த தேங்காயை உடைத்தால் உள்ளே பஞ்சுபோல் இனிக்கும் 'தேங்காய்ப் பூ' இருக்கிறதே, அது பூவே அன்று; கருவின் வித்திலை அப்படிப் பருத்து, சுற்றியுள்ள பருப்பையும் நீரையும் உறிஞ்சித் தின்றுகொண்டிருக்கிறது. கட்டுச்சோற்றை அவிழ்த்துச் சாப்பிடும் கட்டம் அது.

கருவுறுதலே நடக்காத, அல்லது நாம் நடக்கவிடாத வெள்ளாமைகளும் நம்மிடம் உண்டு. ஈரோட்டு மஞ்சள் பூக்கும், ஆனால் விதை தராது. அதன் குரோமோசோம்கள் 63, மூன்று தொகுதிகளாக இருப்பதால் மகரந்தமும் சூலும் ஒழுங்காக உருவாவதில்லை. கிழங்கை நட்டே ஆக வேண்டும். கரும்பில் கரணைதான் ஊன்றுகிறோம் என்பதால் அதற்கு விதை உண்டு என்பதே பலருக்குத் தெரியாது. ஆனால் கோயம்புத்தூர்ப் பகுதியில் கரும்பு நன்றாகப் பூத்து விதை பிடிக்கும். 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் அங்கே அமைந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நாட்டு 'வெள்ளை'க் கரும்பையும் காட்டில் வளரும் நாணல் வகையையும் கலந்து உருவாக்கிய கோ 205 என்னும் ரகம் 1918இல் வெளிவந்து வட இந்திய வயல்களுக்குப் போனது. அங்கே பணியாற்றிய ஜானகி அம்மாள் கரும்பையே மக்காச்சோளத்தோடு கலந்து, அந்தக் கலப்பைப் பற்றி 1938இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். உறவு விலகிய செடிகளைக் கலக்கும்போது தூள் முளைக்காமல் போகலாம், குழாய் பாதி வழியில் நிற்கலாம், கலந்த பிறகும் கருவூண் கெட்டுக் கரு பட்டினியில் மடியலாம். இத்தனை தடையையும் தாண்டி அந்த விதை முளைத்திருக்கிறது.

மாமாவிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. குழியான கதிரை மாட்டுக்குப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை என்றும், அடுத்த முறை பூக்கும் நாள் வெயிலின் உச்சத்தில் விழாதபடி விதைக்க வேண்டும் என்றும், முடி வெளிவரும் பத்து நாட்களில் தண்ணீரைக் குறைக்கக் கூடாது என்றும் மட்டும் சொன்னேன்.

அவர் ஆடிப் பதினெட்டு முடிந்த வாரம் விதைத்தார். புரட்டாசிக் கடைசியில் முடி வந்து ஆறாம் நாள், என்னைத் தோட்டத்துக்குக் கூப்பிட்டார். கருவுற்ற சூலிலிருந்து அதன் முடி இரண்டு மூன்று நாட்களில் தானாகக் கழன்றுவிடும். கருவுறாத சூலின் முடி விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஒரு கதிரை ஒடித்து, முடி அறுந்துவிடாமல் தோட்டை அடியிலிருந்து நுனிவரை கத்தியால் கீறிப் பிரித்து, காம்பைப் பிடித்துத் தலைகீழாக மெல்ல உதறினேன். இளம்பச்சை முடி கொத்துக் கொத்தாக வரப்பில் விழுந்தது. அடியிலும் நடுவிலும் ஒன்றுகூட மிஞ்சவில்லை. நுனியில் மட்டும் ஒரு சிட்டிகை முடி ஒட்டிக்கொண்டு நின்றது.

"இது என்னுங்க, விட மாட்டீங்குது?" என்றார் மாமா. "நேத்துத்தான் வெளியே வந்திருக்குமுங்க மாமா. மேலே தூள் இன்னும் உதிருது பாருங்க" என்றேன். அவர் செடியின் உச்சியை லேசாகத் தட்டினார். மஞ்சள் தூசி எழுந்து, காற்றில் பக்கத்துச் சாலுக்குப் போனது.